உப்பு மலை ஏறும் வழி

(நுகர்வோர் தினத்தையொட்டிக் குன்னூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு கிலோ உப்புப் பாக்கெட். இன்று காலை பெட்போர்டு பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினேன். நீலகிரியில் விளையாத பொருள் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது உப்பைத்தான். கேரட் இங்கே விளைகிறது. உருளைக்கிழங்கு, பூண்டு, பீட்ரூட், முட்டைக்கோஸ், தேயிலை எல்லாம் விளைகின்றன. உப்பு மட்டும் கடலோரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் கடல் மட்டத்தில் பிறந்த இது, மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்து, கல்லாறு தாண்டி, பர்லியாறு, மரப்பாலம், காட்டேரி என்று ஒவ்வொரு வளைவாக ஏறி நம் சமையலறைக்கு வருகிறது. இந்த மலையின் பழைய மக்களுக்கு இதன் அருமை தெரியும். தோடர்கள் தங்கள் எருமைகளுக்கு உப்பு கொடுப்பதை ஒரு சடங்காகவே செய்துவந்தார்கள். படுகர் ஊர்களில் மாடுகளுக்கு உப்பு நீர் வைக்கும் நாள் ஒரு திருநாள்.

இந்தப் பாக்கெட்டின் மேல் ஒரு விலை அச்சிடப்பட்டிருக்கிறது. தூத்துக்குடியில் இதே பாக்கெட்டை வாங்கும் அம்மாவும் அதே விலைக்கு மேல் தர வேண்டியதில்லை. நானும் தர வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடைக்காரரும் விற்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் லாரி சும்மா மலை ஏறாது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமிக்கொண்டு டீசலைக் குடிக்கிறது. பிரேக்கும் டயரும் சமவெளியைவிடச் சீக்கிரம் தேய்கின்றன. ஏற்றுக்கூலி உண்டு, இறக்குக்கூலி உண்டு. அப்படியானால் இந்த உப்பு மலை ஏறிய செலவை யார் கொடுத்தார்கள்? இன்று உங்களோடு பேச வந்த கேள்வி அதுதான்.

நான் வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கும் முன்னால் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகள். கோத்தகிரி சாலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி என் தந்தை கடை வைத்திருந்தார். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் பாதியை அந்தக் கடையின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நான்.

வாக்கு என்ற சரக்கு

இந்த மலையில் சாலை வருவதற்கு முன்பே பண்டமாற்று இருந்தது. கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்துகொடுத்தார்கள், சடங்குகளுக்கு இசைத்தார்கள். படுகர்கள் தானியம் தந்தார்கள். தோடர்கள் பாலும் நெய்யும் தந்தார்கள். குறும்பர்கள் காட்டின் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். ரிவர்ஸ், மண்டல்பாம், பால் ஹாக்கிங்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு படுகர் குடும்பத்துக்கு அரிவாள் வேண்டுமென்றால், அதைச் செய்து தரும் கோத்தர் குடும்பம் எது என்பது தலைமுறை தலைமுறையாக முடிவாகியிருந்தது. பொருள் வரவில்லையென்றால் யாரைக் கேட்பது என்ற குழப்பமே கிடையாது. அந்த ஏற்பாட்டில் மேல் கீழ் என்ற வேறுபாடு இருந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பொருளோடு பொறுப்பும் சேர்ந்தே கைமாறியது. இன்று பொருள் வந்துவிடுகிறது, பொறுப்புதான் வழியில் எங்கோ தொலைந்துவிடுகிறது.

1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரிகளும் படைவீரர்களும் தோட்டக்காரர்களும் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய சாமான்கள் முதலில் கூலிகளின் தலைச்சுமையாகவும் மட்டக்குதிரைகளின் முதுகிலும் ஏறின. 1830களில் குன்னூர் மலைப்பாதை போடப்பட்டது. 1871இல் புதிய பாதை வந்த பிறகு மாட்டுவண்டிகள் ஏறின. 1899 ஜூன் 15ஆம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை ரயில் ஓடியது. 1908இல் அது உதகையைத் தொட்டது. 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறும் 46 கிலோமீட்டர் பாதை அது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த ரயில், அன்று இந்த மலைக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவந்தது. பாதை ஒவ்வொரு முறை மாறியபோதும் கடையில் கிடைக்கும் பொருளும் மாறியது, விலையும் மாறியது. அங்காடியின் அலமாரியைப் பார்ப்பவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் சாலையையும் பார்க்கப் பழக வேண்டும்.

இந்த மலை தன் பெயரையே ஒரு கடைக்குக் கொடுத்திருக்கிறது. முத்துசாமி முதலியார் என்பவர், சமவெளியிலிருந்து மலையிலிருந்த ஆங்கிலேயர்களுக்குக் கடிதம் கொண்டுசெல்லும் வேலை பார்த்தவர். ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி, 1905இல் நீலகிரியில் பால்பொருள் கடை தொடங்கினார். 1936இல் அந்த வியாபாரம் பெங்களூர் பிரிகேட் சாலைக்குச் சென்றது. அவர் மகன் சென்னியப்பன் அமெரிக்காவில் பார்த்த முறையைக் கொண்டுவந்து, அதை வாடிக்கையாளர் தாமே எடுத்து வாங்கும் சூப்பர் மார்க்கெட்டாக மாற்றினார். நீல்கிரீஸ் என்ற பெயரில் தென்னிந்தியா முழுவதும் கிளைவிட்ட அந்தச் சங்கிலிக் கடையை 2014இல் பியூச்சர் குழுமம் வாங்கியது. கடிதம் சுமந்த ஒருவர் கடைக்காரராக உயர்ந்ததில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. சொன்ன நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்ற நம்பிக்கைதான் அவருடைய முதல் முதலீடு. வெண்ணெய் அதற்குப் பிறகு வந்தது.

நான்கு இடங்களில் ஒளியும் செலவு

இப்போது உப்புக்கு வருவோம். மலை ஏறும் செலவு மறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறி உட்காருகிறது. நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

முதல் இடம் கடைக்காரரின் லாபம். அச்சிட்ட விலையைத் தாண்ட முடியாததால் தம் பங்கிலிருந்து அவர் வண்டி வாடகையைக் கொடுக்கிறார். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆயிரம் ஊர்களில் விற்கும்போது ஓர் ஊரின் ஏற்றம் கணக்கில் கரைந்துவிடும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கதவு வைத்துக் கடை நடத்துபவருக்கு அது பெரிய தொகை.

இரண்டாம் இடம், விலை அச்சிடாத பொருள்கள். தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய், வாழையிலை, சில்லறையாக நிறுக்கும் பருப்பு, அரிசி. பாக்கெட்டில் விட்டதை இங்கே பிடிக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் மேட்டுப்பாளையம் போனால் திரும்பும்போது காய்கறிப் பை தூக்கி வருவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் இடம், கிடைக்காமல் போவது. விற்பனை குறைவான பொருளைக் கடைக்காரர் வரவழைக்கவே மாட்டார். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் ஒரு குறிப்பிட்ட பால்மாவு, காது கேட்கும் கருவிக்கு வேண்டிய பேட்டரி, பழைய குக்கருக்கு ஏற்ற வளையம். இல்லாத பொருளுக்கு விலைப்பட்டியல் கிடையாது. ஆனால் அதைத் தேடிக் கோவைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் வாங்குபவர் கொடுக்கும் விலைதான்.

நான்காம் இடம் நாள்கள். இணையத்தில் வாங்கும்போது பெரும்பாலும் செலவு இங்கேதான் ஒளிகிறது. பணம் கூடவில்லை என்று மகிழ்கிறோம். அதற்குப் பதில் ஐந்து நாள், எட்டு நாள் காத்திருப்பைக் கொடுக்கிறோம். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் இருப்பவர்களிடம் பொதி கொண்டுவரக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள் என்று அங்கே நாடாளுமன்றம்வரை குரல் எழுந்தது. அந்தக் கட்டணம் அநியாயமாகவே இருக்கலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது; தெரிவதால் எதிர்த்துக் கேட்கவும் முடிகிறது. நமக்கோ அது தெரிவதே இல்லை.

இன்று நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்: தூரத்தின் செலவை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கொடுப்பவர் யார், எவ்வளவு, எந்த வடிவில் என்பதை வாங்குவதற்கு முன்பே வாங்குபவரிடம் சொல்வதுதான் நேர்மையான வணிகம்.

இறங்கும் லாரியும் ஏறும் லாரியும்

நாம் வாங்குபவர்கள் மட்டும் இல்லை, விற்பவர்களும்கூட. கேத்தியிலும் அதைச் சுற்றியும் தோண்டிய கேரட்டைக் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறோம். உருளைக்கிழங்கும் அங்கேதான் ஏலம் போகிறது. இடைத்தரகர்களின் பிடியிலிருந்து விவசாயியை மீட்க 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தொடங்கப்பட்டது. இறங்கும் லாரி கேரட் கொண்டுபோகிறது, ஏறும் லாரி அரிசியும் வெங்காயமும் கொண்டுவருகிறது. இரண்டு பக்கமும் லோடு கிடைத்தால் வாடகை குறையும். ஒரு பக்கம் காலியாக ஓடினால் அந்தச் செலவும் மறுபக்கத்துச் சரக்கின் தலையில் விழும். ஆகவே கேரட் விவசாயி வாழ்ந்தால் நம் அரிசி விலையும் அடங்கும். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள்.

தேயிலையையும் பாருங்கள். பறித்த பச்சைத் தேயிலையை அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். சுமார் நான்கு கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். 'இன்கோ' எனப்படும் 16 கூட்டுறவு ஆலைகளும் ஏராளமான தனியார் ஆலைகளும் அதைத் தூளாக்கி, 1963 முதல் குன்னூரில் நடக்கும் ஏலத்துக்கு அனுப்புகின்றன. இலையைக் கொடுக்கும்போது சிறு விவசாயிக்கு விலை தெரியாது. ஏலம் முடிந்து, மாதம் முடிந்து, அதற்குப் பிறகுதான் தெரியும். கடையில் தூள் வாங்குபவருக்கோ விலை பாக்கெட்டின் மேலேயே இருக்கிறது. சங்கிலியின் ஒரு நுனியில் முழு நிச்சயம், மறு நுனியில் முழு அநிச்சயம். கூட்டுறவு ஆலைகளின் தூள் 'ஊட்டி டீ' என்ற பெயரில் ரேஷன் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கும் சென்னைக்காரர் அறிந்தோ அறியாமலோ இந்தச் சங்கிலியை மிகவும் சுருக்கிவிடுகிறார். கோத்தகிரியில் கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பின் முயற்சியில் தொடங்கிய பசுமைக் கடைகளும், 2013இல் பழங்குடியினர் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனமும் தேனுக்கும் காப்பிக்கும் அதே வேலையைச் செய்கின்றன. தேன் எடுத்தவர் யார் என்று சொல்லக்கூடிய தூரத்தில் வாங்குபவர் நிற்கிறார்.

சாலை அறுந்தால்

1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலை சரிந்தது. உயிர்கள் போயின, சாலையும் போயிற்று. 2009 நவம்பர் 10ஆம் நாள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் சிதைந்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டி மழை பெய்தது. இப்படிப்பட்ட நாள்களில் நமக்கு மிஞ்சுவது கோத்தகிரிப் பாதை. அதுவும் அடைந்தால் கூடலூர் வழி. அங்கே முதுமலை, பந்திப்பூர்க் காடுகள் வழியாக 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. வனவிலங்குகளுக்காகப் போட்ட அந்தத் தடை வேண்டியதுதான். ஆனால் மைசூரிலிருந்து வரும் சரக்கு லாரி விடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

என் தந்தை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கடையின் பின்னறையை நிரப்பிவிடுவார். அரிசி, உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், மெழுகுவத்தி. "மழைக்கு முன்னாடி வாங்கினாத்தான் அது சரக்கு, மழைக்குள்ள வாங்கினா அது கடன்" என்பார். பணம் முடங்கும், எலி கடிக்கும், கொஞ்சம் பூஞ்சை பிடிக்கும். அதையெல்லாம் தெரிந்தே செய்தார். சாலை அடைந்த நாள்களில் லைன் வீட்டுப் பெண்கள் பற்று நோட்டோடு வருவார்கள். சம்பள நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். அவர் அளந்து போடுவார், எழுதிக்கொள்வார். விலையைக் கூட்ட மாட்டார்.

இன்றைய சங்கிலிக் கடைகள் வேறு கணக்கில் ஓடுகின்றன. பில் போடும் இயந்திரம் ஒவ்வொரு பாக்கெட்டையும் கணினியிலிருந்து கழித்துக்கொண்டே போகிறது. கையிருப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் சமவெளிக் கிடங்குக்குத் தகவல் போகிறது. ஓரிரு நாளில் லாரி வருகிறது. பின்னறை வேண்டாம், முதல் முடங்காது, பொருள் பழசாகாது. இந்த முறையால் நமக்குக் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. என் அம்மா பார்த்தேயிராத பொருள்கள் இன்று குன்னூரில் கிடைக்கின்றன. காலாவதித் தேதியைப் படித்துப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் இந்த முறை சாலை எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பி ஏற்படுத்தப்பட்டது. சமவெளியில் அந்த நம்பிக்கை செல்லும். மழைக்காலத்து நீலகிரியில் செல்லாது. சாலை அடைந்த மூன்றாம் நாள் அலமாரி காலியாவதை நாம் பார்த்திருக்கிறோம்.

கோடைக் கூட்டத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். வாகன நெரிசலைக் குறைக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. அத்தியாவசியப் பொருள் கொண்டுவரும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்குப் பெற்ற லாரியும் அதே வளைவில், அதே வரிசையில்தான் நிற்கிறது.

வந்தும் வராத பொதி

இனி இணையத்தில் வாங்குவதைப் பார்ப்போம். நீங்கள் கைபேசியில் ஒரு பொருளைத் தட்டியதும் நடப்பது என்ன? அந்தப் பொருள் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கணினி தேடுகிறது. கிடங்கில் ஒருவர் அதை எடுத்துக் கட்டுகிறார். பின்கோடு பார்த்துப் பிரிக்கிறார்கள். லாரி கோவை வந்து மலை ஏறுகிறது. உள்ளூர் அலுவலகத்தில் மறுபடியும் பிரித்து, ஓர் இளைஞரின் மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறார்கள். அந்தக் கடைசித் துண்டைத்தான் வணிகத்தில் 'லாஸ்ட் மைல்' என்கிறார்கள். தூரத்தில் அதுதான் சிறியது, செலவில் பெரும்பாலும் அதுதான் பெரியது.

1972ஆம் ஆண்டு சுதந்திர நாளில் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. 643 என்று தொடங்கினால் நீலகிரி. 643101 என்றால் குன்னூர். தபால்காரர் ஊரை அறிந்தவர் என்பதால் தபாலுக்கு அந்த ஆறு எண்கள் போதுமாயிருந்தன. ஆனால் கணினிக்குக் குன்னூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து வீடும், ஜீப் மட்டுமே போகும் தோட்டத்து லைன் வீடும் ஒரே எண்தான். ஒரே எண் என்பதால் ஒரே நாளில் வரும் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கை நிறைவேற்ற முடியாதவர் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர். அவருக்குப் பெரும்பாலும் ஒரு பொதிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு பொதிக்காகப் பனிமூட்டத்தில் மண்பாதையில் இறங்கி, வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை காத்திருந்து ஏறி வந்தால், அன்றைக்கு அவர் கைக்கு ஒன்றும் நிற்காது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் என் மூத்த சகோதரிக்காகக் காது கருவிக்கு வேண்டிய பேட்டரி இணையத்தில் கேட்டிருந்தேன். மூன்று நாள் என்றார்கள். மூன்றாம் நாள் மாலை, வீட்டுக்கு வந்ததாகவும் நான் வீட்டில் இல்லையென்றும் கைபேசியில் செய்தி வந்தது. அன்று முழுவதும் நான் வாசலைவிட்டு நகரவில்லை. மறுநாளும் அதே செய்தி. ஐந்து நாள் அக்கா எதுவும் கேட்காமல், நாங்கள் பேசும்போது எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் பொதியோடு வந்த பையனிடம் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நனைந்துபோய் நின்றிருந்தான். "டீச்சர், மழையில வண்டி ஏறலை. ஏறலைன்னு போட அந்த ஆப்ல இடமே இல்ல. வீடு பூட்டியிருக்குன்னுதான் போட முடியும்" என்றான். என் கோபம் அப்போது இடம் மாறியது. மழையில் வண்டி ஏறாதது குற்றம் இல்லை. உண்மையைச் சொல்ல இடமே வைக்காத ஏற்பாடுதான் குற்றம். அந்தப் பையனைப் பொய் சொல்ல வைத்தது அது. என்னை வீட்டில் இல்லாதவளாக்கியதும் அதுதான்.

பொதியோடு வரும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுப்ரியா சாகு கலெக்டராக இருந்த காலத்தில், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிளாஸ்டிக் பையைத் துறந்த முன்னோடி மாவட்டம் இது. சந்தைக்குப் போகும் பாட்டிகூடத் துணிப்பை எடுத்துப் போகக் கற்றுக்கொண்டார். இங்கே கேரி பேக் கொடுக்கும் கடைக்காரருக்கு அபராதம். ஆனால் ஒரு சின்னப் பேட்டரி அட்டையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகளை எண்ணிப் பார்த்தேன், மூன்று. மலை ஏறிவரும் உறை தானாக இறங்கிப் போவதில்லை. உள்ளூர்க் கடைக்கு ஒரு சட்டம், பொதிக்கு ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாது.

நம் கையில் உள்ளவை

குறை சொல்லிவிட்டுப் போவது ஆசிரியைக்கு அழகில்லை. சட்டம் நமக்குத் தந்திருப்பதை முதலில் தெரிந்துகொள்வோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதோடு மின்வணிக விதிகளும் வந்தன. இணைய விற்பனை நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர்க்கும் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருளின் மொத்த விலையில் கொண்டுவரும் கட்டணம் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லையும் கைபேசிச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

விற்பனை நிறுவனங்களிடம் நான் கேட்பது கருணை இல்லை, உண்மை. எட்டு நாள் ஆகும் என்றால் எட்டு நாள் என்று சொல்லுங்கள். அதற்கேற்ப நாங்கள் ஏற்பாடு செய்துகொள்வோம். பின்கோடைப் பார்த்து மட்டும் நாள் குறிக்காமல், ஊரைப் பார்த்து, பாதையைப் பார்த்து, மாதத்தைப் பார்த்துக் குறியுங்கள். மழையில் வண்டி ஏறவில்லை என்று எழுத அந்தப் பையனுக்கு ஓர் இடம் கொடுங்கள். தொலைவான லைன் வீட்டுக்குப் போகும் பொதிக்கு அவர் கூலியைக் கூட்டிக் கொடுங்கள்.

அரசையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கேட்பது வேறு. இந்த மாவட்டத்தில் எந்தத் தனியார் நிறுவனமும் எட்டாத மூலைகளுக்குத் தபால் நிலையமும் ரேஷன் கடையும் எட்டுகின்றன. 2020இல் தமிழ்நாட்டில் 3,501 நகரும் நியாய விலைக் கடைகள் அறிவிக்கப்பட்டபோது, வண்டியே மக்களிடம் போக வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. அதே வழியில் பொதிகளைப் பெற்று வைத்துக் கொடுக்கும் இடமாக ஊர்த் தபால் நிலையமும் கூட்டுறவுக் கடையும் அமையலாம். காலையில் முதல் பேருந்து போகும் ஊர்களுக்கெல்லாம் ஒரு மூட்டைப் பொதியும் போக முடியும். மழைக்கு முன்பாக அரிசியும் உப்பும் மருந்தும் இத்தனை நாளுக்கு இங்கேயே இருப்பில் இருக்க வேண்டும் என்று மாவட்டம் ஓர் அளவு வைக்கட்டும். என் தந்தை தம் சொந்தப் பணத்தில் செய்ததை ஒரு மாவட்டத்தால் செய்ய முடியாதா?

கடைசியாக, வாங்கும் நம்மைப் பற்றி. பக்கத்துக் கடையில் கிடைப்பதைப் பக்கத்துக் கடையில் வாங்குவோம். சாலை அடைந்த நாளில் பற்று எழுதிக்கொண்டு அரிசி போடுபவர் அவர்தான். கைபேசிக்குள் பற்று நோட்டு கிடையாது. இங்கே விளைவதை இங்கேயே, முடிந்தால் விளைவித்தவரிடமே வாங்குவோம். இணையத்தில்தான் வாங்கியாக வேண்டுமென்றால், நாலு வீடு சேர்ந்து ஒரே முறையில் கேட்போம். வண்டி ஒரு தடவை ஏறினால் போதும். பொதி கொண்டுவரும் தம்பிக்கு ஒரு டம்ளர் டீ கொடுப்போம். அவன் மலை ஏறி வந்ததை நிறுவனத்தின் கணக்கு கவனிக்காமல் விடலாம். நாம் விட வேண்டாம்.

இந்த உப்புப் பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். நாளைக் காலை அதைப் பிரிக்கும்போது, இது ஏறி வந்த செலவை யார் கொடுத்தார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கடைக்காரரிடமும் கேளுங்கள், கைபேசியிலும் கேளுங்கள், அதிகாரிகளிடமும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.